கீஷா என்ற பெயரில் வந்த கடிதம்

அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்து வடக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களில், நன்கொடை திரட்டுவதையே உத்தியோகமாகக் கொண்டவள் ரொவீனா டில்லார்டுக்குத் தெரிந்து அவள் ஒருத்திதான். அது என்ன வேலை என்று அவளுடைய அம்மாவுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சர்ச்சில் ஞாயிறுதோறும் தட்டு ஏந்துகிறவர்களுக்கு யாரும் சம்பளம் தருவதில்லையே என்பாள். அக்கம்பக்கத்துப் பெண்களிடம், மகள் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தாள்.

அது முழுப் பொய்யுமில்லை. மூச்சுத்திணறல் உள்ள பிள்ளைகளுக்கு இலவச வைத்தியம் பார்க்கும் நிலையம் அது. கீழ்த்தளத்தில் மருத்துவமனை, மாடியில் அதற்குப் பணம் திரட்டும் பிரிவு. ரொவீனா சேர்ந்தபோது மாடியில் இருந்த ஒன்பது பேரில் கறுப்பினப் பெண் அவள் மட்டும்தான். முதல் வருடம் நடந்த பெரிய விருந்தில் கறுப்பு உடுப்பில் நின்றிருந்தவளிடம் ஒரு நன்கொடையாளர், பரிமாறுகிற பெண் என்று நினைத்து, தன் காலிக் கோப்பையை நீட்டினார். அவள் அதை வாங்கி மேசையில் வைத்துவிட்டுத் தன் பெயரையும் பதவியையும் சொல்லிக் கைகுலுக்கினாள். அடுத்த வருடம் அவரிடமிருந்தே மருத்துவமனைக்கு ஒரு புது அறை கட்டும் அளவுக்குப் பணம் வாங்கி வந்தாள்.

இந்த மாதிரிக் கதைகளைச் சொல்லிச் சிரிக்க அவளுக்கு ஒரு கூட்டம் இருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் மீன் வறுவல் கடையில் கூடுவார்கள். அதே அலுவலகத்தில் நன்கொடையாளர் பட்டியல்களைப் பார்த்துக்கொண்ட டௌ ஷியாங் என்ற, லாவோஸிலிருந்து வந்த மங் இனத்து இளைஞன், ஒனைடா பழங்குடிப் பெண் ஒருத்தி, தெற்குப் பகுதியிலிருந்து வரும் போர்ட்டோ ரீக்கோக்காரர் ஒருவர். நகரத்தின் வெவ்வேறு தொண்டு நிறுவனங்களில் ஒவ்வொருவரும் தத்தம் இனத்துக்கு ஒரே ஆள். யாரைக் காவலாளி என்று நினைத்தார்கள், யாருடைய பெயரைக் கூட்டத்தில் எப்படி உச்சரித்துக் கொன்றார்கள் என்று கணக்குப் போட்டு, அந்த வாரம் அதிகம் பட்டவருக்கு மற்றவர்கள் சாப்பாடு வாங்கித் தருவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஆண்டு இறுதி நன்கொடைக் கடிதத்துக்கு ஒரு குழந்தையின் கதையும் படமும் வேண்டும் என்றார்கள். கீழ்த்தளத்துக்கு வரும் தாய்மார்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள். யாரும் அதுவரை சம்மதித்ததில்லை. நீ போய்க் கேட்டுப் பார் என்று ரொவீனாவை அனுப்பினார்கள். ஏன் தன்னை அனுப்புகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தேதான் படியிறங்கினாள்.

எட்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசர் முகமூடியோடு உட்கார்ந்திருந்தது. வாய் மறைந்திருந்தாலும் கண் சிரித்தது. ஆவி வெளியேறும்போதெல்லாம் டிராகன் மாதிரித் தலையை ஆட்டிக் காட்டியது. அதன் அம்மாவிடம் ரொவீனா பேச்சுக் கொடுத்தாள். தானும் இருபத்துநாலாவது தெருதான் என்றாள். எந்தப் பள்ளிக்கூடம், எந்த சர்ச் என்று இருவருக்கும் பொதுவானதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. கால்மணி நேரத்தில் அந்தம்மா கையெழுத்துப் போட்டுவிட்டாள். ரொவீனா தன் கையாலேயே படம் எடுத்தாள்.

கடிதத்தைப் பாஸ்டனில் நன்கொடைக் கடிதங்கள் எழுதித் தரும் ஒரு கம்பெனிக்காரர் எழுதினார். வழக்கப்படி குழந்தையின் பெயரை மாற்றினார்கள். கீஷா என்று வைத்தார்கள். ரொவீனாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. பெயரைக் கேட்டதுமே படிப்பவர் மனதில் என்ன நிறம் தோன்ற வேண்டும் என்று யோசித்து வைத்த பெயர் அது. சொல்லலாம் என்று நினைத்தாள். அந்த வாரம் ஏற்கெனவே வேறு இரண்டு விஷயங்களுக்கு வாய் திறந்திருந்தாள். மூன்றாவதாக இதற்குமா என்று விட்டுவிட்டாள். அடியில் அவளுடைய கையெழுத்தை அச்சிட்டு அனுப்பினார்கள்.

நிலையத்தின் சரித்திரத்திலேயே அந்த மாதிரி ஒரு கடிதம் ஜெயித்ததில்லை. அடுத்த நவம்பரிலும் அதையே அனுப்பினார்கள், அதற்கடுத்த நவம்பரிலும் அதையே. படம் காலண்டரில் ஏறியது, நகரப் பேருந்துகளின் பக்கவாட்டில் ஏறியது. ரொவீனாவுக்குத் தனி அறை கிடைத்தது.

மூன்றாவது நவம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதில் உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்த பெண் ஒன்றை எடுத்துவந்து அவள் மேசையில் வைத்துவிட்டு நிற்காமல் போய்விட்டாள். உள்ளே காசோலை இல்லை. கடிதமே திரும்பி வந்திருந்தது. படத்தின் மேல் நீலப் பேனாவால் எழுதியிருந்தது.

இவள் பெயர் கீஷா இல்லை. டிசரே. இவள் செத்து வரும் பிப்ரவரியோடு இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு இதை அனுப்பாதீர்கள்.

மூலையில் அச்சிட்டிருந்த பெயர் ஷர்லீஸ் பெட்டவே. குழந்தையின் அம்மா. என்றைக்கோ கீழ்த்தளத்து உண்டியலுக்கு, நன்றியாகப் பத்து டாலர் கொடுத்து முகவரி எழுதியிருக்கிறாள். அதனால் அவள் நன்கொடையாளர் பட்டியலில் இருந்தாள்.

ரொவீனா கீழே இறங்கிப் போய்த் தலைமை நர்ஸிடம் கேட்டாள். நர்ஸுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அடக்கத்துக்கே போயிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது என்றாள். பிறகு, "மாடில உங்களுக்குத் தெரியாதா? பஸ்ஸுல அந்தப் படத்தப் பாக்கறப்பல்லாம், நீங்க தெரிஞ்சேதான் வெச்சிருக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

இரண்டு தளத்துக்கும் இடையில் பதினெட்டுப் படிகள்தான்.

அன்று மாலை ரொவீனா பழைய கோப்பைத் திறந்து தான் எடுத்த மூலப் படத்தைப் பார்த்தாள். அதில் குழந்தையின் தோள்மேல் ஒரு கை இருந்தது. விரலில் மெல்லிய மோதிரம், மணிக்கட்டில் பழுப்பு நிறக் கோட்டுக் கையின் ஓரம். கடிதத்துக்காகப் படத்தை வெட்டியவர்கள் அந்தக் கையையும் சேர்த்து வெட்டி எறிந்திருந்தார்கள். குழந்தை தனியாக இருக்கிற மாதிரி ஆகியிருந்தது. கீழே கடிதத்தின் முதல் வரி: கீஷாவுக்கு உங்களை விட்டால் யாருமில்லை.

அதன் பிறகு அந்தக் குழந்தை அவளை விடவில்லை.

ஃபாண்ட் டு லாக் அவென்யூவில் சிக்னலுக்கு நின்றால் பக்கத்தில் வந்து நிற்கும் பேருந்தின் வயிற்றில் அந்த முகம் இருக்கும். பல் வைத்தியரிடம் போனால் வரவேற்பறைக் காலண்டரில் இருக்கும். படத்தையெல்லாம் உடனே எடுக்கச் சொல்லி அவளே உத்தரவு போட்டாள், எடுத்தார்கள். ஆனால் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று யாருக்கும் முழுசாகத் தெரியவில்லை. மருந்துக் கடைகளுக்குக் கொடுத்த சில்லறை டப்பாக்களில் ஒட்டியிருந்தது. ஸ்பான்சர்கள் அச்சிட்ட காந்த வில்லைகளில் இருந்தது. அவள் அம்மா வீட்டு ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒன்று, மளிகைச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது. நாலு வருடமாக மகளின் வேலை புரியாத அம்மா, மகளின் வேலை என்று ஆசையாக ஒட்டிவைத்திருந்த ஒரே பொருள் அது.

கடைகளில் பத்துப் பதினொரு வயதுப் பெண்களைப் பார்த்தால் நின்றுவிடுவாள். இப்போது இந்த உயரம் இருந்திருக்கும், இந்த அளவுச் செருப்பு போட்டிருக்கும் என்று தோன்றும். குளிர் தொடங்கியபின் அவளுடைய ஃபிளாட்டில் வெப்பக் குழாய் இழுத்து இழுத்து விசிலடித்தது. எல்லா வருடமும் அடிப்பதுதான். இந்த வருடம் அவள் எழுந்து போய் அதை நிறுத்திவிட்டு, கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஷர்லீஸுக்கு ஃபோன் செய்தாள். ஷர்லீஸ் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நடைக்கும் மதிய நடைக்கும் நடுவில் வரச் சொன்னாள். சமையலறை மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். காபி கொடுக்கவில்லை. ரொவீனா மன்னிப்பு என்று ஆரம்பித்ததும் அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அவ போனதுக்கப்புறம் மொத லெட்டர் வந்தப்ப பிரிக்காமலே குப்பைல போட்டுட்டேன். உறை மேலயே மூஞ்சி இருந்துச்சு. இந்த வருஷம் பிரிச்சு, கடைசிவரைக்கும் படிச்சேன். கடைசில என்ன போட்டிருக்குது, தெரியுமா உனக்கு?"

ரொவீனாவுக்கு அந்தக் கடிதம் மனப்பாடம். "தெரியும், மிஸ் ஷர்லீஸ்."

"சொல்லு."

அவள் மெதுவாகச் சொன்னாள். "உங்க தயவால கீஷா இன்னிக்கு ராத்திரி நிம்மதியா மூச்சு விட்டுத் தூங்குவா."

ஷர்லீஸ் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் பனி விலக்கும் வண்டி போனது.

"நீதான் எழுதினியா?"

பாஸ்டன்காரர் எழுதினார் என்று சொல்லலாம். உண்மையும் அதுதான். "வார்த்தை என்னோடது இல்ல. ஆனா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி படிச்சேன். சரின்னு சொன்னேன். கையெழுத்தும் என்னோடது" என்றாள் ரொவீனா.

"கீஷான்னு பேரு வெச்சது?"

"அதையும் பாத்தேன். எனக்குப் பிடிக்கல. வாயத் தொறக்கல."

"நீ வர்றதுக்கு முந்தின மாசம் வெள்ளைக்காரப் பொம்பள ஒருத்தி மாடிலருந்து வந்து கேட்டா. முடியாதுன்னு அனுப்பிட்டேன்" என்றாள் ஷர்லீஸ். குரல் உயரவில்லை. "நீ வந்த. இருபத்துநாலாவது தெருன்னு சொன்ன. எங்க பாஸ்டர் பேரு சொன்ன. நம்ம பொண்ணு ஒண்ணு மாடி வரைக்கும் போயிருக்குதேன்னு சந்தோஷப்பட்டேன். அதுக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். எம்புள்ளைக்கு யாருமில்லன்னு எழுதறதுக்கு இல்ல. நான் ஒருத்தி இருந்தேனே அங்க. புள்ள தோள்ல கைய வெச்சுக்கிட்டு நின்னேனே."

ரொவீனா அழவில்லை. அழுதால் அந்தம்மா தன்னைத் தேற்ற வேண்டிவரும், அதைவிட அசிங்கம் வேறில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் என்ன செய்யட்டும் என்று கேட்டாள்.

ஷர்லீஸ் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தாள். "யார் யாருக்கெல்லாம் அந்த லெட்டர் போச்சோ அவங்களுக்கு இன்னொண்ணு போடு. அவ பேரு என்னன்னு எழுது. செத்துட்டான்னு எழுது. வேற எதுவும் எனக்கு வேணாம்."

நிலையத்தின் இயக்குநர் மார்கிட் லிண்ட்ஸ்ட்ராம் நல்ல மனுஷி. ரொவீனாவை வேலைக்கு எடுத்தவளும் அவள்தான். முழுதும் கேட்டுவிட்டு எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.

"உன்மேல ஒரு தப்பும் இல்ல, ரொவீனா. நம்மகிட்ட அந்தம்மாவோட கையெழுத்து இருக்கு. டிசம்பர் மாசம் இது. வருஷத்துல பாதிப் பணம் இப்பத்தான் வருது. இப்பப் போய் இப்படி ஒரு லெட்டர் போட்டா, ஏமாத்திட்டாங்கன்னு நெனப்பாங்க."

"ஏமாந்துதானே இருக்காங்க?"

 நிர்வாகக் குழுவிடம் கேட்கிறேன் என்றாள் மார்கிட். நிர்வாகக் குழுத் தலைவர் முடியாது என்றார். ரொவீனா, அப்படியானால் இந்த டிசம்பரில் போகும் எந்தக் கடிதத்திலும் தன் பெயர் இருக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தாள். பெரிய நன்கொடையாளர்கள் நாற்பது பேர் அவளுடைய குரலுக்குப் பழகியவர்கள். அவள் பெயர் ஏன் இல்லை என்று அவர்களில் இருவர் ஃபோன் செய்து கேட்டுவிட்டார்கள். குழு இறங்கி வந்தது. எல்லோருக்கும் இல்லை, அந்தக் கடிதத்தைப் படித்துப் பணம் அனுப்பிய மூவாயிரத்துச் சொச்சம் பேருக்கு மட்டும், அதுவும் ஜனவரியில், வக்கீல் பார்த்த பிறகு.

பட்டியலை டௌ எடுத்துக் கொடுத்தான். அந்த வெள்ளிக்கிழமை மீன் கடையில் அவன் அதிகம் சிரிக்கவில்லை.

"எங்க அம்மா படத்தக்கூட ஒரு தடவ இப்படிப் போட்டாங்க, பள்ளிக்கூடத்துல. அகதிக் குடும்பம்னு கீழ எழுதி" என்றான். "அம்மாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஃப்ரேம் போட்டு மாட்டி வெச்சிருக்காங்க. நான் இதுவரைக்கும் சொன்னதில்ல."

 ஒனைடாப் பெண் அவன் தட்டில் தன் ரொட்டியை எடுத்து வைத்தாள்.

வக்கீல் திருத்திய கடிதத்தில், செத்துவிட்டாள் என்ற இடத்தில் இப்போது நம்மோடு இல்லை என்று இருந்தது. ரொவீனா அதை ஷர்லீஸிடம் எடுத்துப் போனாள். ஷர்லீஸ் பேருந்தின் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்து படித்தாள்.

"எம்பொண்ணு எங்கயும் போயிடல. செத்துப்போனா. அதயே எழுது."

ரொவீனா பழைய வார்த்தையையே திரும்பப் போட்டாள். அச்சுக்குப் போகும் கடைசிப் பிரதியை மார்கிட்டின் மேசையில் வைத்து, மாற்றிய இடத்தைப் பென்சிலால் வட்டமிட்டுக் காட்டினாள். மார்கிட் ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு ரப்பரை எடுத்து அந்த வட்டத்தை மட்டும் அழித்துவிட்டு, அச்சகத்துக்குப் போகும் கூடையில் போட்டாள்.

பதினொரு பேர் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். இருநூறு பேருக்கு மேல் கடிதம் எழுதினார்கள். பாதிக்கு மேல் டிசரேயின் அம்மாவுக்கு என்று போட்டு வந்தவை. ரொவீனா அவற்றைப் பிரிக்காமல் ஒரு பெட்டியில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஷர்லீஸ் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள், உள்ளே கூப்பிடவில்லை.

ஏப்ரலில் பிரிவைத் திருத்தி அமைக்கிறோம் என்று சொல்லி ரொவீனாவின் பதவியை எடுத்துவிட்டார்கள். மார்கிட் கண்ணீர் விட்டாள். ரொவீனா அறையைக் காலி செய்யும்போது எதிர்பார்த்த அளவுக்கு வலிக்கவில்லை.

வெள்ளிக்கிழமைக் கூட்டம்தான் அடுத்ததைத் தொடங்கியது. ரொவீனாவின் சர்ச் நிலவறையில் ஒரு சின்ன நிதி. அந்தப் பகுதி மக்களே கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பதை அந்தப் பகுதித் தாய்மார்களே உட்கார்ந்து முடிவு செய்வது. ஈரம் பூத்த சுவருக்கு, வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பெட்ரோலுக்கு, ஞாயிற்றுக்கிழமை தீர்ந்துபோன மருந்துக்கு. குழந்தைகளின் படம் எதிலும் வராது என்று முதல் நாளே எழுதி ஒட்டினார்கள். முகம் இல்லாத கடிதத்துக்கு ஜனங்கள் சுலபத்தில் பையைத் திறப்பதில்லை. முதல் வருடம் முழுக்க அவர்கள் திரட்டியது, பழைய கடிதம் நாலு நாளில் கொண்டுவந்த தொகைதான். சில கூட்டங்களில், மூச்சு வாங்கியபடி அம்மா மடியில் சாய்ந்திருக்கும் ஏதாவது ஒரு பிள்ளையைப் பார்க்கும்போது, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது, எங்கே வெட்டினால் நெஞ்சைத் தொடும் என்று அவள் கண் தானாக அளந்துவிடும். உடனே எழுந்து வெளியே போய் நிற்பாள். அந்தக் கண்ணை அவளால் பிடுங்கிப் போட முடியவில்லை.

ஷர்லீஸ் அந்த நிதியில் சேரவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதம் ஒருநாள் ஃபோன் செய்தாள். வணக்கம், நலம் எதுவும் இல்லை. "நார்த் அவென்யூ மருந்துக் கடை. கல்லாப் பக்கத்துல டப்பா" என்றாள். வைத்துவிட்டாள். ரொவீனா போய்க் கடைக்காரரிடம் பேசி டப்பாவை வாங்கி வந்தாள். நகரம் முழுக்கப் பேருந்து ஓட்டுகிறவளுக்குக் கண்ணில் படாத இடம் இல்லை. ஒரு முடிவெட்டும் கடை, ஒரு சலவைக் கடை, ஒரு நூலகத்தின் அறிவிப்புப் பலகை. இடத்தை மட்டும் சொல்வாள். இரண்டு வருடத்தில் பத்தொன்பது முறை.

இருபதாவது முறை சொன்னது, கேப்பிட்டல் டிரைவ் சாலையில் ஒரு டயர் கடை. எஸ்ரா பூன் என்ற கிழவருடையது. மூன்று வருடப் பழைய காலண்டர், நவம்பர் பக்கத்தோடு நின்றிருந்தது. ரொவீனா கேட்டதும் அவர் தரமாட்டேன் என்றார். வருஷா வருஷம் அந்தக் குழந்தைக்காகப் பணம் அனுப்பியவர் அவர். வீடு மாறியதில் ஜனவரிக் கடிதம் அவருக்குப் போய்ச் சேரவில்லை.

"எனக்கும் சின்ன வயசுல இழுப்பு உண்டும்மா. காலைல கடையத் தொறந்ததும் இதுக்கு ஒரு ஜெபம் பண்ணிட்டுத்தான் வேலையத் தொடங்குவேன்" என்றார். "இப்ப எப்படி இருக்கா, கீஷா? பெரிய பொண்ணாயிருப்பாளே."

இந்தக் கேள்வியை வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறார்கள்.  அவள் அவரை உட்காரச் சொன்னாள். உண்மையான பெயரைச் சொன்னாள், பிறகு மற்றதைச் சொன்னாள். கிழவர் அடுக்கியிருந்த டயர்மேல் உட்கார்ந்தபடி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுந்து, டயரில் குறி போடும் மஞ்சள் சுண்ணக்கட்டியை எடுத்தார். பெயரை இன்னொரு தரம் சொல்லச் சொல்லி, படத்தின் கீழே பெரிய ஆங்கில எழுத்தில் எழுதினார்.

இது இங்கேயே இருக்கட்டும் என்றார். ரொவீனாவுக்குப் பிடுங்கி வர மனம் வரவில்லை.

காருக்கு வந்து, அந்த ஜூனுக்குப் பிறகு முதல் தடவையாக அவளே ஷர்லீஸுக்கு ஃபோன் செய்தாள். கொண்டுவரவில்லை, விட்டுவிட்டு வந்துவிட்டேன் என்று காரணத்தைச் சொன்னாள். மறுமுனையில் பேருந்தின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

"எப்படி எழுதினாரு?" என்றாள் ஷர்லீஸ்.

"மஞ்சக் கலர்ல. பெரிசா."

"அத கேக்கல. பேரு கடைசில ரெண்டு 'e' எழுத்து போட்டாரா?"

ரொவீனா கண்ணை மூடி யோசித்தாள். "ஒண்ணுதான்."

"திரும்பப் போயி சரியா எழுதச் சொல்லு."

ரொவீனா கார் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு, மறுபடி கடைக்குள் போனாள்.